வடக்குத் தெருக்களை மூன்றாகப் பிரித்தார்கள்

எங்கள் வீட்டில் ஓட்டு எனக்குத்தான் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் முனிசிபாலிட்டிக்கு வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. வீடு என் அப்பா கல்யாணத்தின்போது என் பேரில் எழுதிக் கொடுத்தது. வரி ரசீதும் என் பேருக்குத்தான் வரும். அவர் கடைவீதியில் வாடகைக்கு இடம் பிடித்துச் சைக்கிள் கடை வைத்திருந்தார். எட்டுப் பத்து சைக்கிள்களை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவார், பஞ்சர் ஒட்டுவார். தேர்தல் சமயத்தில் யாராவது கும்பிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், "ஓட்டு உள்ள சமையல் பண்ணீட்டிருக்குதுங்க, அங்க போய்க் கேளுங்க" என்பார். வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. பெண்பிள்ளையிடம் நேராக வந்து ஓட்டுக் கேட்டுப் பழக்கம் இல்லை. கூடத்தில் நின்று சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள்.

கோயம்புத்தூருக்குக் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடக்கூடிய ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்னும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். ஊருக்கு நடுவில் கடைவீதி. அதற்கு மேற்கே கோயில் வீதிகள். கிழக்கே சொந்த நிலத்தில் விவசாயம் செய்த தோட்டக்காரர்களின் வீடுகள், அதற்கும் அப்பால் அவர்கள் தோட்டங்கள். தெற்கே பருத்தி அரைக்கும் ஜின்னிங் பாக்டரிகளும் அவற்றில் வேலை செய்கிறவர்களின் குடிசைகளும். வடக்கே நாங்கள். தறிக்காரர்கள், சாயம் போடுகிறவர்கள், தச்சர்கள், எங்களைப் போலச் சின்னக் கடை வைத்திருந்தவர்கள் என்று கலந்து இருந்தோம். எல்லோருமாகச் சேர்ந்து வடக்குத் தெருக்கள் என்று பெயர். அது முழுக்க ஒரே வார்டு. அதற்கு ஒரு கவுன்சிலர். மெம்பர் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

எங்கள் மெம்பர் ஒரு தறிக்காரர். வீட்டில் நாலு தறி போட்டிருந்தார். கொஞ்சம் திக்கிப் பேசுவார். ஆனால் கவுன்சில் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டால் கேட்க வந்ததைக் கேட்காமல் உட்கார மாட்டார் என்று சொல்வார்கள். திக்கலுக்காக மற்றவர்கள் சிரித்தால், சிரித்து முடியும்வரை நின்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாராம். அவர் கேட்டதெல்லாம் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றித்தான். வடக்குத் தெருக்களில் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது. நல்ல தண்ணீருக்குக் கடைவீதிக்குப் போக வேண்டும். கோயம்புத்தூருக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்திருந்த காலம் அது. அங்கே போய்வந்தவர்கள் எல்லாம் அந்தத் தண்ணீரின் ருசியைப் பற்றியே பேசினார்கள். எங்கள் ஊரிலும் ஆற்றிலிருந்து குழாய் போட்டுக் கடைவீதிவரை கொண்டுவந்திருந்தார்கள். அதை வடக்கே நீட்ட வேண்டும் என்பதுதான் எங்கள் மெம்பர் விடாமல் கேட்டது. கடைசியில் நீட்டுவதாகத் தீர்மானமும் போட்டார்கள். தண்ணீர் பிடிக்க இரண்டு பைப்புகள் வந்தன, அதுவும் எங்கள் எல்லையின் முனையில். மீதி வருகிறது வருகிறது என்றார்கள்.

சேர்மன் ஜின்னிங் பாக்டரிக்காரர். மரியாதையானவர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கவுன்சிலில் அவருக்கு ஆதரவானவர்களும் எதிரானவர்களும் ஏறக்குறையச் சமமாக இருந்தார்கள். ஒருமுறை அவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து, அது ஒரே ஓட்டில் தோற்றது. எதிராகக் கை தூக்கியவர்களில் எங்கள் மெம்பரும் ஒருவர். அடுத்த தேர்தலில் இவர் திரும்ப வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள் என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். அப்போது எங்களுக்கு அது தெரியாது.

தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்னால் முனிசிபல் ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜனத்தொகை கூடிவிட்டதால் வார்டுகளின் எல்லைகள் திருத்தப்படுகின்றன என்று இருந்தது. எல்லைகளைப் படமாகப் போடவில்லை. இன்னார் வீட்டின் தென்மேற்கு மூலையிலிருந்து வடக்கே சென்று, சந்தை மதிலை ஒட்டித் திரும்பி, சாக்கடையின் இடது கரையாகப் போய் என்று வார்த்தைகளாகவே எழுதியிருந்தது. படித்தவர்கள் எல்லாம் பாதியில் விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பொறுமையாக ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை மத்தியானம்தான் திறப்பார். "வா, இது எங்க போகுதுன்னு நடந்து பாத்துப்போட்டு வரலாம்" என்றார்.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் காகிதத்தைப் படித்துக்கொண்டு நடந்தேன். கடைவீதி வார்டின் எல்லை கடைவீதியில் தொடங்கி, சந்தையைச் சுற்றி, எங்கள் சாக்கடையைத் தாண்டி, எங்கள் தெருவுக்குள் வந்தது. வந்து தெருவின் ஓரமாகப் போகவில்லை, நடுவாகப் போனது. மேற்குப் பக்க வீடுகள் கடைவீதி வார்டு. கிழக்குப் பக்க வீடுகள் தோட்டக்காரர்களின் வார்டு. தெருக்கோடியில் திரும்பி மேற்கே போனால், அங்கிருந்து மீதி வடக்குத் தெருக்கள் கோயில் வீதி வார்டில் சேர்ந்திருந்தன. ஓர் இடத்தில் எல்லை ஒரு மாட்டுக் கொட்டகையைச் சுற்றி வளைந்து போனது. அந்தக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் சேர்மனுக்கு வேண்டிய ஒருவருடைய வீடு இருந்தது. எங்களுடன் அவர் சேர்ந்துவிடக்கூடாது என்றுதான் அந்த வளைவு. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீடு மேற்குப் பக்கம். நேர் எதிரே கிழக்குப் பக்கத்தில் என் நாத்தனார் வீடு. என் வீட்டுக்காரருடைய தங்கை, வேறொரு தறிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். நாங்கள் இருவரும் தெருவின் நடுவில் காகிதத்தை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவள் வெளியே வந்தாள்.

"என்னுங் நங்கையா, தெருவுல எதையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம்.

நான் விவரத்தைச் சொன்னேன். இனிமேல் நீ வேறு வார்டு, நான் வேறு வார்டு என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தெருவில் இரண்டு வார்டு எப்படி இருக்கும், எழுதினவர்கள் தப்பாக எழுதியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தப்பாக எழுதவில்லை. மொத்த வார்டுகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எங்களை மூன்றாகப் பிரித்துப் பக்கத்து வார்டுகளில் சேர்த்ததில் ஒரு வார்டு மிச்சமானது. அந்த ஒன்றைத் தெற்கே கொண்டுபோய், சேர்மனின் பங்களா இருந்த வீதியையும் ஜின்னிங் பாக்டரிக் குடிசைகளையும் சேர்த்துப் புதிதாக உண்டாக்கியிருந்தார்கள். முன்பு எங்கள் வார்டில் எங்கள் ஆட்கள்தான் அதிகம். இப்போது மூன்று வார்டுகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே இருந்தோம், அவ்வளவுதான். எதிலும் பாதி இல்லை.

ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று நோட்டீஸின் அடியில் போட்டிருந்தது. எங்கள் மெம்பர் கையெழுத்து வாங்கி அனுப்பினார். கோயம்புத்தூருக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. மெம்பர், என் வீட்டுக்காரர், கையெழுத்துப் போட்ட வரிதாரர்களில் ஒருத்தி என்ற முறையில் நான், மூன்று பேரும் முதல் பஸ்ஸில் போனோம். அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். பெண் ஒருத்தி வந்திருப்பதைப் பார்த்து மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார். நாங்கள் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மேசைமேல் வரைபடத்தை விரித்தார். நாங்கள் கால்நடையாகப் பார்த்ததை அப்போதுதான் படமாகப் பார்த்தேன். எங்கள் தெருக்களுக்குள் மூன்று பக்கத்திலிருந்தும் மூன்று நாக்கு நீண்டு வந்திருந்தது போல இருந்தது.

"நான் ரெண்டு விஷயந்தான் பார்க்க முடியும்" என்றார் அதிகாரி. "எல்லா வார்டிலும் ஜனத்தொகை கிட்டத்தட்டச் சமமா இருக்கணும். ஒரு வார்டு ரெண்டு துண்டா இல்லாம ஒட்டினாப்போல இருக்கணும். ரெண்டும் சரியா இருக்கு."

மெம்பர் திக்கித் திக்கிக் கேட்டார். "எங்காளுங்க எந்த வார்டுலயும் பாதிக்கு வராத மாதிரி பாத்து வெட்டியிருக்குதுங்களே. அதை எதுலீங்க சேக்கறது?"

"அப்படி ஒண்ணைப் பார்க்கச் சொல்லிச் சட்டத்தில் இல்லை" என்றார் அதிகாரி. அவர் குரலில் ஏளனம் எதுவும் இல்லை. உண்மையாகவே இல்லை என்பதால் இல்லை என்றார். திரும்பும்போது மெம்பர், பல்லடம் ரோட்டில் பஸ் நின்றபோது, சேர்மன் கெட்டிக்காரர் என்று சொன்னார். குறையாகச் சொன்ன மாதிரி இல்லை.

மூன்று வார்டிலும் ஆள் நிறுத்துவது என்று தெருக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். கோயில் வீதி வார்டில் மெம்பரே நிற்பார். தோட்டக்காரர்கள் வார்டில் நூல் கடைக்காரர் ஒருவர் ஒத்துக்கொண்டார். கடைவீதி வார்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. வேட்பாளர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். மேற்குப் பக்கத்தில் சொந்த வீடு உள்ள ஆண்கள் எல்லோருக்கும் கடைவீதியோடு ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. எதிர்த்து நிற்கத் தயங்கினார்கள். என் வீட்டுக்காரர் நிற்கத் தயார், ஆனால் அவருக்கு ஓட்டே கிடையாது. அவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீயே நின்னா என்ன அம்மணி?"

நான் நீங்கள் கேலி பண்ணுகிறீர்கள் என்றேன். அவர் கேலி பண்ணவில்லை. நான் எட்டாம் வகுப்புவரை படித்திருந்தேன். கோயம்புத்தூரில் அதிகாரி முன்னால் உட்கார்ந்து வந்திருந்தேன். ஊரில் அதற்கு முன்னால் எந்தப் பெண்ணும் தேர்தலில் நின்றதில்லை. நிற்கக்கூடாது என்று சட்டமும் இல்லை. நான்கு நாள் யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. என் அண்ணன் ஊரிலிருந்து ஆள் அனுப்பி, குடும்பத்துக்கு இது வேண்டாம் என்று சொன்னான். அதைக் கேட்டபிறகுதான் நிற்பது என்று முடிவு செய்தேன்.

என்னை எதிர்த்து நின்றவர் கடைவீதியில் பெரிய அரிசி மண்டி வைத்திருந்தவர். சேர்மனின் ஆள். நாங்கள் அவரிடம்தான் அரிசி வாங்குவோம். ஓட்டுக் கேட்டுக் கடைவீதியில் ஒவ்வொரு வீடாகப் போகும்போது அவர் வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனால் நன்றாக இருக்காது என்று அங்கேயும் போனேன். அவர் மனைவி மோர் கொடுத்து உட்கார வைத்தாள். அவர் வந்து, எங்கள் வீட்டுக்கே வந்து என் ஓட்டைக் கேட்ட முதல் எதிராளி நீங்கள்தான் என்று சொல்லிச் சிரித்தார். ஓட்டுப் போடுவேன் என்று மட்டும் சொல்லவில்லை.

கடைவீதியில் என் நம்பிக்கை எல்லாம் பெண்கள் மேல் இருந்தது. புருஷன் இல்லாத பெண்கள் நாலைந்து பேர் வீடு தங்கள் பேரில் இருந்ததால் வாக்காளர்களாக இருந்தார்கள். என்னை அன்பாக வரவேற்றார்கள். தேர்தலில் நிற்பதற்குக் கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு போக வேண்டாமா என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி, எனக்கு அக்கா வயது இருக்கும், கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள்.

"ஓட்டு எம் பேருலதான் இருக்குது கண்ணு. போடறது கொழுந்தனாரு சொல்ற பொட்டீலதான். நீ மறுக்கா மறுக்கா நடக்காதே."

அதைக் கேட்டும் நான் இரண்டாம் முறை நடந்தேன்.

என் வார்டு எங்கே முடிகிறது என்று எனக்கே சில இடங்களில் குழப்பம். கடைவீதியின் தென்கோடியில் ஒருநாள் மத்தியானம், இன்னும் என் வார்டுதான் என்று நினைத்துக் குடிசைகளுக்குள் போய்விட்டேன். வரிசை வரிசையாகக் குடிசைகள். பஞ்சில் கொட்டை பிரிக்கிற வேலைக்குப் போகிறவர்கள். ஒரு குடிசை வாசலில் ஒரு பெண் தன் குழந்தைக்குக் களி ஊட்டிக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். இந்தப் பக்கம் ஓட்டுக் கேட்டு யாரும் வந்ததே இல்லையே என்று அவள் ஆச்சரியப்பட்டாள். வீட்டு வரி யார் பேரில் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். குடிசை பாக்டரி முதலாளியுடையது. வரி அவர்தான் கட்டுகிறார். அப்படியானால் உங்களுக்கு ஓட்டு இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது.

"அப்பறம் எதுக்குங் எங்க தலையெல்லாம் எண்ணீட்டுப் போனாங்க?" என்று கேட்டாள். "கைப்புள்ளையக்கூட ஒண்ணுன்னு எண்ணிப்போட்டுப் போனாங்களே."

வந்து என் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னபோதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. வார்டுகளைச் சமமாக்க எண்ணுவது தலைகளை. ஓட்டுப் போடுவது வரி கட்டுகிறவர்கள். அந்தப் புது வார்டில் தலைகள் ஏராளம். வரி கட்டுகிறவர்கள் சேர்மனின் வீதியில் இருந்த கொஞ்ச வீட்டுக்காரர்கள்தான். எங்கள் தெருவில் ஒரு மெம்பரை அனுப்ப எத்தனை பேர் ஓட்டுப் போட வேண்டுமோ, அதில் ஒரு சிறு பங்கு போதும் அங்கே. கோயம்புத்தூர் அதிகாரி சொன்னது பொய் இல்லை. ஜனத்தொகை சமமாகத்தான் இருந்தது. அந்தக் குடிசைக்காரர்களின் பிள்ளைகளை எண்ணித்தான் சேர்மனுக்கு அந்த வார்டு கிடைத்தது. அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் நிற்கவே இல்லை.

ஓட்டுப் போடும் இடம் கடைவீதிப் பள்ளிக்கூடம். ஆளுக்கு ஒரு நிறத்தில் பெட்டி, எனக்குப் பச்சை. அரிசி மண்டிக்காரர் வாக்காளர்களை அழைத்துவர வில்வண்டிகள் ஏற்பாடு செய்திருந்தார். என் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு எல்லாச் சைக்கிள்களையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வயதானவர்களைக் காரியரில் உட்காரவைத்து அவரும் அவர் நண்பர்களும் ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார்கள். ஓட்டில்லாத அவர் பள்ளிக்கூட வாசலுக்குள் காலை வைக்கவில்லை. நான் உள்ளே போய் எனக்கு நானே ஓட்டுப் போட்டேன். அது ஒரு விசித்திரமான காரியம். பெட்டியின் துவாரத்தில் காகிதத்தைப் போடும்போது யாரோ பார்ப்பது போல இருந்தது.

மூன்று பேரும் தோற்றோம். மெம்பர் கொஞ்ச ஓட்டில் தோற்றார், நூல் கடைக்காரர் அதிக ஓட்டில். நான் இரண்டுக்கும் நடுவில். கடைவீதிப் பெண்களின் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டு ஜெயித்தாலும் ஜெயித்துவிடுவேன் என்று ஒரு நினைப்பு எனக்கு வந்திருந்தது. யாரிடமும் அதைச் சொன்னதில்லை. ஓட்டு எண்ணி அறிவித்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். என் வீட்டுக்காரர் மூன்று வார்டிலும் எங்கள் பக்கம் விழுந்த ஓட்டுகளைக் கூட்டிப் பார்த்தார். பழைய வார்டாக இருந்தால் நிச்சயமாக ஒருவர், ஏன், தாராளமாக ஒருவர் கவுன்சிலுக்குள் போயிருப்பார். இப்போது ஒருவரும் இல்லை.

அது எப்படிப்பட்டது என்பது வெயில் காலம் வந்தபிறகுதான் தெரிந்தது. எங்கள் எல்லை முனையில் இருந்த இரண்டு பைப்புகளில் ஒன்று உடைந்து, இரண்டிலும் தண்ணீர் நின்றுபோனது. கோயில் வீதி மெம்பரிடம் போனோம். அந்தப் பைப்பு அவர் வார்டுக்கு வெளியே இருக்கிறது என்றார். தோட்டக்காரர்களின் மெம்பர், பைப்பு என் வார்டுதான், ஆனால் குழாய் வருவது கடைவீதி வழியாக, அவரைக் கேளுங்கள் என்றார். நான் அரிசி மண்டிக்குப் போனேன். என்னைத் தோற்கடித்தவரிடம் போய் நிற்பது கஷ்டமாக இருந்தது. அவர் எழுந்து நின்றுதான் பேசினார்.

"நான் ஒளிக்காமச் சொல்றனுங். எனக்கு ஓட்டுப் போட்டது கடைவீதிங்க. அவங்க கேக்கறது மார்க்கெட்டுக்கு லைட்டு. அதை உட்டுப்போட்டு நான் உங்க பைப்பப் பேசுனா, நாளைக்கு எனக்கு ஆரு இருக்கறாங்க?"

வடக்கே நீட்டுவதாக இருந்த குழாயைப் புதுக் கவுன்சில் தெற்கே திருப்பியது. சேர்மனின் வீதிக்குப் போனது. குடிசைகள்வரை போகவில்லை. பழைய மெம்பர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கே உட்காருகிறவர்கள் வாய் திறக்கக்கூடாது. பிறகு அவர் போவதை நிறுத்திவிட்டார். அடுத்த தேர்தல் வருவதற்குள் காலமாகிவிட்டார்.

அந்த அடுத்த தேர்தல் வந்தபோது சேர்மனுக்கும் அரிசி மண்டிக்காரருக்கும் நடுவில் ஏதோ மனஸ்தாபம். மார்க்கெட் குத்தகை விஷயம் என்றார்கள். சேர்மன் கடைவீதி வார்டில் வேறொரு கடைக்காரரை நிறுத்தினார். கடைவீதி இரண்டாகப் பிரிந்துபோனது. ஒருநாள் காலையில் அரிசி மண்டிக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல, ஓட்டு உள்ளே இருக்கிறது என்றார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மற்றவர்களைப் போலச் சுவரைப் பார்த்துப் பேசவில்லை.

இந்த முறை நீங்கள் நிற்கிறீர்களா என்று கேட்டார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். நின்றால் எங்கள் ஓட்டு எனக்கு விழும், நானும் ஜெயிக்க மாட்டேன், அவரும் ஜெயிக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் பக்க வீடுகள் யார் பெட்டியில் போடுகின்றனவோ அவர்தான் வருவார்.

"நான் நிக்கலீங்க" என்று கடைசியில் சொன்னேன். "எங்க தெருவுக்குப் பைப்பு வேணுங்க. மொதக் கூட்டத்துலயே அதைப் பேசிப்போட்டுத்தான் மத்ததைப் பேசோணும்."

அவர் ஒத்துக்கொண்டார். நானும் தெருவில் வீடுவீடாகப் போய் அவருக்குப் போடச் சொன்னேன். பழைய மெம்பரின் மகன் மட்டும், இதற்கா எங்கள் அப்பா அத்தனை நாள் நின்றார் என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். எங்கள் தெருவிலிருந்து ஒருவர் போய்க் கேட்பதும், கடைவீதிக்காரர் எங்களுக்காகக் கேட்பதும் ஒன்றில்லை. ஆனால் தெருப் பெண்கள் இன்னும் நல்ல தண்ணீருக்குக் கடைவீதிக்குப் போய்க் குடம் சுமந்துகொண்டிருந்தார்கள்.

அரிசி மண்டிக்காரர் ஜெயித்தார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். சாக்கடைக்கு இந்தப் பக்கம் குழாய் வந்தது. எங்கள் தெருவில் இரண்டு பைப்பு போட்டார்கள். இரண்டும் மேற்குப் பக்கத்தில், கடைவீதி வார்டுக்குள். கிழக்குப் பக்கம் அவர் வார்டு இல்லை. அங்கே பைப்பு போட அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். முதல் சில நாள் தெரு முழுக்க வந்து பிடித்துக்கொண்டது. பிறகு ஒருநாள் பைப்படியில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். என் நாத்தனாரின் குடத்தை யாரோ வரிசையிலிருந்து எடுத்துத் தெருவின் நடுவே வைத்திருந்தார்கள். அவள் குடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். குடத்தை எடுத்துவைத்தவள் எனக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவள். கெட்டவள் இல்லை. நான் பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது வந்து உதவி செய்தவள்.

"இது நம்ம வார்டுப் பைப்புங் அக்கா" என்றாள் என்னிடம். "அவங்க மெம்பரு அவங்களுக்குப் போடட்டும்."

நான் கேட்டது தெருவுக்கு, பாதித் தெருவுக்கு இல்லை என்றேன்.

"ஓட்டுப் போட்டது நாங்கதானுங்களே. கெழக்கால ஊட்டுக்காரங்க போட்டது அவங்க வார்டுலீங்களே."

நாங்கள் ஒரே சாக்கடைக்கு இந்தப் பக்கம் இருந்தோம். ஒரே உப்புக் கிணற்றில் இறைத்தோம். முனிசிபல் ஆபீஸ் சுவரில் அந்தக் காகிதம் ஒட்டியதற்கு முன்னால் எங்கள் தெருவில் யாரும் மேற்குப் பக்கம், கிழக்குப் பக்கம் என்று பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பைப்பு ஓட்டுக்குப் பதிலாகத்தான் வந்தது. அந்தப் பேரத்தைப் பேசியவள் நான்தான். நாத்தனாரின் குடத்தை எடுத்து எங்கள் வீட்டுக் குடத்துக்கு முன்னால் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கிழக்குப் பக்கத்திலிருந்து அவள் ஒருத்தியைத் தவிர வேறு யாரும் வரவில்லை. கொஞ்ச நாளில் அவளும், தனக்கு மட்டும் என்ன என்று நிறுத்திவிட்டாள். நான் பிடித்து வைத்திருந்ததிலிருந்து சாயங்காலம் வந்து ஒரு குடம் எடுத்துக்கொண்டு போவாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கிழக்குப் பக்கத்துக்கும் பைப்பு வந்தது. அவர்களும் தோட்டக்காரர்களின் மெம்பரோடு எங்களைப் போலவே ஒரு பேச்சுப் பேசித்தான் வாங்கினார்கள். அதற்குப் பிறகு தண்ணீருக்காகச் சண்டை வரவில்லை. அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு, நோம்பி என்போம், வழக்கம்போலத் தெரு முழுக்க வசூலுக்குப் போனபோது, கிழக்குப் பக்கத்தார் நாங்கள் தனியாகக் கூட்டம் போட்டுத் தனியாக வசூல் செய்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சண்டையாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து வார்டுகளை மறுபடி திருத்தினார்கள். சேர்மன் அப்போது இல்லை. வடக்குத் தெருக்களில் பெரும்பகுதி திரும்ப ஒரே வார்டாக வந்தது. எங்கள் தெருவும் ஒன்றானது. நோம்பிக்கு மட்டும் இரண்டு கூட்டம், இரண்டு வசூல் என்று நின்றுவிட்டது. என் நாத்தனார் இரண்டு கூட்டத்துக்கும் வருவாள்; இரண்டிலும் பணம் கொடுப்பாள்.